கல்லீரல் மாற்றுக்குப் பின் ஏழு முறை திரும்பிய பித்தநாளத் தொற்று: ரூ குடலை நீட்டிச் சரிசெய்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 41 வயது ஆண். முதன்மை ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ் என்ற நோயால் அவருடைய கல்லீரல் கெட்டுப்போனது. பித்தநாளங்கள் தாமாகவே அழன்று, தழும்பேறி, இடையிடையே இறுகிப் போகும் நோய் இது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரல் அவருக்குப் பொருத்தப்பட்டது. அந்த அறுவை சிகிச்சை வேறொரு மருத்துவமனையில் நடந்தது. எட்டு மாதம் கழித்து வீடு மாறியதால் தொடர் கவனிப்புக்கு எங்களிடம் வந்தார். அவரையோ குடும்பத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

புதிய கல்லீரலின் பித்தநாளத்தைப் பெரும்பாலும் நோயாளியின் சொந்தப் பித்தநாளத்தோடு முனைக்கு முனை வைத்துத் தைப்பார்கள். இவருக்கு அது சரிவராது. சொந்த நாளமே நோயுற்றது, பிற்காலத்தில் அதில் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு. அதனால் சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, கீழ்ப்பக்கத் துண்டின் முனையை மேலே இழுத்துப் பித்தநாளத்தோடு தைத்திருந்தார்கள். இரைப்பையிலிருந்து வரும் மேல்பக்கத் துண்டைச் சற்றுக் கீழே பக்கவாட்டில் சேர்த்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் லொசானில் பணியாற்றிய சீசர் ரூ பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. மேலே இழுக்கப்பட்ட துண்டை வார்டில் 'ரூ லிம்ப்' என்போம். இங்கே ரூ குடல் என்று எழுதுகிறேன்.

ரூ குடலின் நீளம் இந்தக் கதைக்கு முக்கியம். பித்தநீர் அந்தக் குடல் வழியே கீழே இறங்கி, இரண்டு குடல்களும் சேரும் இடத்தில் உணவோடு கலக்கிறது. அங்கிருந்து எதுவும் மேலே ஏறிவிடாமல் காப்பது குடலின் அசைவும் அந்த நீளமும்தான். பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் இயல்பாக இருக்கும் சுருக்குத் தசை இந்த முறையில் பாதையிலேயே இல்லை, வேறு வால்வும் கிடையாது. அதனால் 40 முதல் 70 சென்டிமீட்டர் வரை நீளம் விடுவது வழக்கம்.

அவர் கொண்டுவந்த அறுவை சிகிச்சைக் குறிப்பில் "பித்தநாளம் ரூ குடலுடன் இணைக்கப்பட்டது" என்று ஒரே வரி இருந்தது. எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

முதல் காய்ச்சலும் அதற்குப் பிறகும்

மாற்று நடந்து 15ஆவது மாதம். இரவு திடீரென்று உடம்பு தூக்கிப்போடும் குளிர், ஏறத்தாழ 40 நிமிடம். வெப்பம் 39.4 டிகிரி செல்சியஸ். கண்ணில் மஞ்சள் இல்லை, வலியும் இல்லை. 1877இல் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ விவரித்த மூன்று அடையாளங்களில் (காய்ச்சல், மஞ்சள், வலது மேல்வயிற்று வலி) ஒன்றுதான் இருந்தது. மாற்றுக் கல்லீரலில் இது எதிர்பார்க்கக் கூடியதுதான். கல்லீரலை எடுக்கும்போதே அதன் நரம்புகள் அறுபடுகின்றன. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் மற்ற அறிகுறிகளையும் அடக்கிவிடும்.

பித்தப் பாதையில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைமான அல்கலைன் பாஸ்படேஸ் 410, மஞ்சள் நிறமியான பிலிருபின் 1.6. இரண்டும் இயல்பைவிட அதிகம். ரத்தக் கல்ச்சரில் ஈ.கோலை என்ற குடல் கிருமி வளர்ந்தது. பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தோம், மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கியது, வீட்டுக்குப் போனார். அந்த வயதில், அந்த மருந்துகளோடு, ஒரு முறை தொற்று வருவது பெரிய அதிசயம் இல்லை என்று நினைத்தோம்.

ஒன்பது வாரத்தில் மறுபடி வந்தது. அப்புறம் ஏழு வாரம், அப்புறம் ஐந்து. மொத்தம் 16 மாதத்தில் ஏழு முறை. நான்கு முறை வார்டில் சேர்க்க வேண்டியிருந்தது. கல்ச்சரில் வந்த கிருமிகளும் மாறின. முதலில் சாதாரண மருந்துக்கே அடங்கிய ஈ.கோலை, பிறகு செபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா, கடைசி இரண்டு முறை அதோடு என்டரோகாக்கஸ் என்ற இன்னொரு குடல் கிருமியும். ஒவ்வொரு முறையும் மருந்தின் படி ஒன்று ஏறியது. வாயால் கொடுத்த மாத்திரை ஊசியானது, ஊசி கார்பபீனெம் ஆனது, மற்றவை கேட்காதபோது எடுக்கும் வலுவான மருந்து அது.

நாங்கள் எப்படிப் புரிந்துகொண்டோம்

இந்த 16 மாதத்தில் ஏறத்தாழ ஒரு வருடம் நாங்கள் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். 'இந்த முறை என்ன கிருமி?' என்றே யோசித்தோம். 'பித்தநீர் ஏன் தேங்குகிறது?' என்ற கேள்வி கோப்பில் எங்கேயும் இல்லை.

எங்களைத் தேற்றி வைத்தது இரண்டாவது சேர்க்கையில் எடுத்த சி.டி. ஸ்கேன். பித்தநாளங்களுக்குள் காற்று தெரிந்தது. குடலோடு இணைத்தவர்களுக்குக் காற்று தெரிவது இயல்பு. இணைப்பு திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ரிப்போர்ட்டும் அப்படியே வந்தது. காற்று ஏறும் வழியில் குடல் நீரும் ஏறலாம் என்ற எண்ணம் அன்று எங்கள் யாருக்கும் வரவில்லை.

அடுத்து எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இணைப்பில் சுருக்கம் இல்லை. கல்லீரலுக்குள் இருக்கும் சில சிறு நாளங்களின் ஓரம் கொஞ்சம் ஒழுங்கற்று இருந்தது, முக்கியமாக இடது பக்கத்தில். 'பழைய நோய் திரும்பிவிட்டது' என்று முடிவுகட்ட அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. முதன்மை ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ் மாற்றுக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் திரும்பும். ஆகவே அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் மற்ற காரணங்களை விலக்க வேண்டும். கல்லீரல் தமனி அடைப்பு, நிராகரிப்பால் நாளங்கள் அழிவது, இணைப்புச் சுருக்கம் ஆகியவற்றோடு, திரும்பத் திரும்ப வரும் தொற்றே நாளங்களை அப்படிச் சிதைத்திருக்கலாம் என்பதும் அதில் சேரும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தமனி நன்றாக ஓடியது, அதை மட்டும் பார்த்தோம். மாற்றுக் கல்லீரலில் பித்தநாளங்களுக்கு ரத்தம் தருவது தமனி மட்டுமே என்பதால் அதை முதலில் பார்த்தது சரிதான். அதோடு நின்றதுதான் தவறு.

பித்த ஓட்டத்துக்கு உதவும் அர்சோடீஆக்சிகோலிக் அமிலம் தொடங்கினோம். தடுப்புக்காக ஆன்டிபயாடிக்கை மாதாமாதம் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். கோட்ரைமாக்சசோல் ஓடிய மாதத்தில் பொட்டாசியம் 5.9 ஆனது. அந்த மருந்தும், நிராகரிப்பைத் தடுக்க அவர் எடுத்துவந்த டாக்ரோலிமஸும் இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றக் கூடியவை. சிப்ரோபிளாக்சசின் ஓடிய மாதத்தில் குதிகால் நரம்பு இழுக்கிறது என்றார், உடனே நிறுத்தினோம். தடுப்பு மருந்து ஓடிக்கொண்டிருந்தபோதே ஐந்தாவது முறை காய்ச்சல் வந்தது.

ஒரு நோட்டு

ஆறாவது காய்ச்சலுக்காகச் சேர்ந்தபோது இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் நோயாளியின் மனைவியோடு உட்கார்ந்து பேசினார். அந்த அம்மா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தார். அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து நான்கு பத்தி பிரித்திருந்தது: தேதி, காய்ச்சல் அளவு, குளிர் தொடங்கிய மணி, அதற்கு முன் என்ன நடந்தது. நான்காவது பத்தியில் ஆறில் ஐந்து இடத்தில் ஏறத்தாழ ஒரே வாசகம் இருந்தது: 'வயிறு கல் மாதிரி. படுத்து ஒரு மணி நேரத்தில் குளிர்.' ஒரு இடத்தில் பச்சையாக வாந்தி எடுத்த பிறகு வயிறு இளகியது என்றும் குறித்திருந்தார்.

"வயிறு கட்டிக்கிற அன்னைக்குத்தான் டாக்டர் இவருக்குக் குளிர் வருது. நான் ஓ.பி.யில ரெண்டு தடவை சொன்னேன்," என்றாராம். சொன்னது உண்மைதான். ஓ.பி. சீட்டில் 'வயிற்று உப்புசம்' என்று பதிவாகி, ஆன்டாசிட் எழுதப்பட்டிருந்தது.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அந்த டாக்டர் நோட்டை மேசையில் விரித்து வைத்தார். வயிறு கட்டுகிறது, படுத்தால் காய்ச்சல், வாந்தி எடுத்தால் இளகுகிறது. பித்தநாளத்தை விட்டுவிட்டுக் குடலைப் பாருங்கள் என்று அந்தப் பக்கங்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

குடல் பக்கம் திரும்பிய பரிசோதனைகள்

முதலில் ஹைடா ஸ்கேன் செய்தோம். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய மருந்தை ரத்தநாளத்தில் செலுத்தினால் கல்லீரல் அதை எடுத்துப் பித்தநீரில் விடும், அது போகும் வழியைக் கேமரா தொடர்ந்து படமெடுக்கும். எம்.ஆர்.சி.பி. குழாயின் வடிவத்தைக் காட்டும், ஓட்டத்தைப் பார்க்க இதுதான் வழி. 20ஆவது நிமிடத்தில் மருந்து ரூ குடலுக்கு வந்துவிட்டது. அதாவது மேல் இணைப்பில் தடை இல்லை. ஆனால் 90ஆவது நிமிடப் படத்திலும் அது அங்கேயே ஒரு திட்டாக நின்றது, கீழே இறங்கியது மிகக் கொஞ்சம்.

அடுத்தது மிக எளிய ஒன்று. நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் குடிக்கவைத்து, அது சிறுகுடலுக்குப் போனதும் தலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு மேசையைச் சாய்த்துப் படம் பார்த்தோம். நானும் திரைக்கு முன் நின்றிருந்தேன். குடல்கள் சேரும் இடத்தில் ஒரு கணம் நின்ற மருந்து, ரூ குடலுக்குள் திரும்பி மேலேறி, இணைப்பைத் தாண்டி, கல்லீரலுக்குள் இலையுதிர்ந்த மரத்தின் கிளைகள் போல விரிந்தது. அறையில் யாரும் பேசவில்லை. ஒரு வருடமாக மருந்து கொடுத்து அடக்கிக்கொண்டிருந்தது எதை என்று அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிட்டது. படத்தில் ரூ குடல் எதிர்பார்த்ததைவிடக் குட்டையாகவும், கீழ் இணைப்புக்குச் சற்று முன் மடிந்தும் தெரிந்தது.

கல்லீரல் பயாப்ஸியில் நாளங்களைச் சுற்றி, தொற்றை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் இருந்தன. பழைய நோய்க்கே உரிய, வெங்காயத்தோல் போல் அடுக்கடுக்கான தழும்பு இல்லை. அது இல்லாததால் மட்டும் நோய் திரும்பவில்லை என்று உறுதி சொல்ல முடியாது. நிராகரிப்பும் இல்லை. கல்லீரல் தழும்பு இன்னும் ஆரம்ப நிலையில்தான் இருந்தது, முடிவெடுக்க எங்களுக்குத் தைரியம் கொடுத்தது அதுதான்.

தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்தி நாளங்களைப் படமெடுப்பதையும் யோசித்தோம். நாளங்கள் விரிவடையாதவரிடம் அது கடினம், அதுவே புதுத் தொற்றைக் கிளப்பலாம். கிடைத்த விடையே போதும் என்று விட்டுவிட்டோம்.

முடிவு எடுத்த விதம்

கல்லீரல் மருத்துவர், அறுவை மருத்துவர்கள், ரேடியாலஜி, தொற்றுநோய்ப் பிரிவு எல்லோரும் உட்கார்ந்தோம்.

மருந்தையே தொடரலாம் என்ற யோசனை சீக்கிரமே விழுந்தது. கார்பபீனெம் வரை வந்தாயிற்று, அதற்குப் பிறகு கையில் இருப்பது சில மருந்துகள்தான். அவற்றில் பலவும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், டாக்ரோலிமஸும் அதையே செய்கிறது. பலூன் வைத்து விரிக்கவோ ஸ்டென்ட் வைக்கவோ மேலே சுருக்கமே இல்லை. மறுமாற்றுக்குப் பதிவு செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். பிலிருபினும் ரத்தம் உறையும் அளவும் நன்றாக இருப்பவருக்குக் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை கிடைக்காது. மறுமாற்றின் பலன் முதல் மாற்றைவிடக் குறைவு என்பதும் எல்லோருக்கும் தெரியும். நன்றாக வேலை செய்கிற கல்லீரலைக் குடலின் கோளாறுக்காக எடுத்தெறிவது எனக்கு ஒப்பவில்லை.

மீதி இருந்தது அறுவை சிகிச்சை. இங்கேதான் நீண்ட விவாதம் நடந்தது. மேல் இணைப்பையும் அவிழ்த்துப் புதிதாகத் தைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு சொன்னது. நான் எதிர்த்தேன். அந்த இணைப்புக்கு ஒட்டியே கல்லீரல் தமனி போகிறது, ஒட்டிக்கிடக்கும் தழும்புத் திசுக்களுக்குள் அதைத் தேடும்போது காயப்பட்டால் நாளங்கள் மொத்தமும் செத்துப்போகும், கல்லீரலும் போகும். மேலே ஓட்டம் நன்றாக இருப்பதை ஹைடா காட்டிவிட்டது. கோளாறு கீழே, ஆகவே கை வைப்பதும் கீழே மட்டும் என்று முடிவானது.

நோயாளியிடமும் மனைவியிடமும் இரண்டு முறை பேசினோம். ரத்தப்போக்கு, தையல் கசிவு, காயத் தொற்று எல்லாம் சொன்னோம். செய்தபிறகும் காய்ச்சல் முழுதாக நிற்கும் என்று உறுதி தர முடியாது, நாளங்களில் ஏற்கெனவே ஏற்பட்ட சிதைவு அப்படியே இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரோ கொடுத்துட்டுப் போன கல்லீரல். அது வீணாயிடக் கூடாது டாக்டர், அவ்வளவுதான்," என்றார்.

தேதி குறிக்குமுன் ஏழாவது காய்ச்சல் வந்துவிட்டது. அது அடங்கி நான்கு வாரம் காத்திருந்தோம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் இன்னொரு மருந்தான மைக்கோபினோலேட்டை அறுவைக்கு ஒரு வாரம் முன் நிறுத்தினோம், டாக்ரோலிமஸ் தொடர்ந்தது.

அறுவை சிகிச்சை

ஐந்தரை மணி நேரம் ஆனது. முதல் இரண்டரை மணி நேரம் ஒட்டிக்கிடந்த குடல்களைப் பிரிப்பதிலேயே போனது. கல்லீரலுக்கு அடிப்பக்கம் போகவே இல்லை.

ரூ குடலை நூல் வைத்து அளந்தோம்: 22 சென்டிமீட்டர். கீழ் இணைப்புக்குச் சற்று மேலே ஒரு பட்டை போன்ற தழும்பு நார் அதை இழுத்து மடித்திருந்தது, அந்த இடத்தில் உள்வழி விரல் நுனி நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. மடிப்புக்கு மேலே குடல் ஊதிப் பெருத்திருந்தது. ஆக, பித்தநீர் மடிப்பில் தேங்கியது. உணவும் குடல் நீரும் குட்டையான வழியில் மேலேறின. இரண்டும் சேர்ந்துதான் அந்த நோட்டின் நான்காவது பத்தி.

பழைய கீழ் இணைப்பையும் மடிந்த பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வெட்டி எடுத்தோம். ரூ குடலைக் கீழ்க்குடலோடு முனைக்கு முனை தைத்தோம். மேலிருந்து வரும் குடலை அங்கிருந்து 45 சென்டிமீட்டர் கீழே கொண்டுபோய்ப் பக்கவாட்டில் சேர்த்தோம். ரூ குடலின் புது நீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். குடல்களுக்கு இடையே உண்டான இடைவெளிகளைத் தைத்து மூடினோம், இல்லையென்றால் பின்னால் குடல் அதில் நுழைந்து சிக்கிக்கொள்ளும். ரூ குடலுக்குள் இருந்த நீரைக் கல்ச்சருக்கு அனுப்பினோம். அதே கிளெப்சியெல்லா வளர்ந்தது.

பிறகு நடந்தது

குடல் அசைவு திரும்ப ஐந்து நாள் ஆனது. அதற்குள் டாக்ரோலிமஸ் சரியாக உறிஞ்சப்படாமல் ரத்த அளவு 3.1க்கு இறங்கிவிட்டது, எங்கள் இலக்கு 5 முதல் 7. கல்லீரல் என்சைம்கள் லேசாக ஏறின. அளவைக் கூட்டி, தினமும் பார்த்து, நான்கு நாளில் சரியானது.

ஆறாம் நாள் 38.6 காய்ச்சல். வார்டில் எல்லோருக்கும் மனசு கனத்துப்போனது. ஆனால் கல்லீரல் ரத்தப் பரிசோதனைகள் அசையவில்லை. வெட்டுக்காயத்தின் கீழ்முனையில் சிவந்திருந்தது. இரண்டு தையலைப் பிரித்ததும் சீழ் வெளியேறிக் காய்ச்சல் இறங்கியது. 14ஆம் நாள் வீட்டுக்குப் போனார்.

தடுப்பு ஆன்டிபயாடிக்கை ஆறாவது வாரம் நிறுத்தினோம். காரணத்தைச் சரிசெய்தோம் என்று நம்பினால் மருந்தை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். கணவனும் மனைவியும் பயந்தார்கள், எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மூன்றாம் மாதம் ஹைடா ஸ்கேனைத் திரும்ப எடுத்தோம். 60 நிமிடத்துக்குள் மருந்து கீழ்க்குடலுக்கு இறங்கிவிட்டது. ஒன்பதாம் மாதம் ஒரு முறை காய்ச்சலும் குளிரும் வந்தன. வாயால் எடுத்த மருந்திலேயே ஒரு வாரத்தில் அடங்கியது, சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு இதை எழுதும்வரை, அதாவது அறுவை முடிந்து 26 மாதம் ஆகும்வரை, வேறு காய்ச்சல் இல்லை. அல்கலைன் பாஸ்படேஸ் 480இலிருந்து 190க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது, இயல்பு அளவுக்கு வரவில்லை. ஒரு வருட எம்.ஆர்.சி.பி.யில் இடது பக்க நாளங்கள் இரண்டு இன்னும் ஒழுங்கற்றுத்தான் தெரிகின்றன. முந்தைய தொற்றுகளின் தழும்பா, பழைய நோயின் தொடக்கமா என்று இன்று சொல்ல முடியாது. அதை அவர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறோம். வருடத்துக்கு ஒரு முறை படம் எடுக்கிறோம்.

இனி மாற்றிச் செய்வது

ரூ குடல் இணைப்பு உள்ளவருக்கு இரண்டாவது முறை பித்தநாளத் தொற்று வந்தாலே தமனி, மேல் இணைப்பு, ரூ குடல் ஓட்டம் மூன்றையும் ஒரே சேர்க்கையில் பார்க்கிறோம். இவருக்கு அது சேர்க்கைக்கு ஒரு ஸ்கேனாக நான்கு சேர்க்கைகளில் சிதறிப் போயிருந்தது. கான்ட்ராஸ்ட் குடிக்கவைத்துப் பார்ப்பது பழைய, எளிய பரிசோதனை. இவருக்கு ஒரு வருடம் முன்பே செய்திருந்தால் ஐந்து முறை காய்ச்சலைத் தவிர்த்திருக்கலாம், அந்தக் கிளெப்சியெல்லாவும் உருவாகாமல் போயிருக்கலாம். என் மனதை விட்டுப் போகாத விஷயம் இதுதான்.

நாளங்களில் காற்று தெரிந்தால், 'இணைப்பு திறந்திருக்கிறது' என்பதோடு 'மேலேறும் ஓட்டம் இருக்கிறதா' என்று ரிப்போர்ட்டிலேயே கேள்வி எழுதும்படி ரேடியாலஜி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டோம். தடுப்பு ஆன்டிபயாடிக் எழுதும்போது நிறுத்தும் தேதியையும் காரணம் தேடும் பரிசோதனையின் தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். 'பழைய நோய் திரும்பியது' என்று கோப்பில் எழுதுபவர் மற்ற காரணங்களை எப்படி விலக்கினார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுகிறார்.

வெளியிலிருந்து வரும் நோயாளிகளின் முதல் அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்கி, ரூ குடல் நீளத்தைக் கோப்பின் முதல் பக்கத்தில் குறிக்கிறோம். குறிப்பில் நீளம் இல்லாவிட்டால் 'தெரியாது' என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். இதுவரை வாங்கிய குறிப்புகளில் பலவற்றுக்கு அந்தச் சிவப்பு எழுத்துதான்.

அவருடைய மனைவி இன்னும் அந்த நோட்டை ஓ.பி.க்குக் கொண்டுவருகிறார். இப்போது மற்ற விவரங்களைக் கேட்பதற்கு முன் நான்காவது பத்தியைப் படிக்கிறேன்.